கேத்தரின் நட்ட பெட்டிகள்

வாழைத்தோட்டக்காரப் பாப்பாயி கேத்தரினை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். அவள் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. துவாக்குடிப் பக்கம் ஒரு தனியார்ப் பொறியியல் கல்லூரியில், அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று பார்த்துக்கொண்டே காலம் தள்ளும் பிராஜெக்ட் உதவியாளர். நானும் அதே அறையில் அதே பிழைப்புதான். பாலக்கரையில் வீடு. காலையில் மாதா கோயிலில் பூசை கண்டுவிட்டு பஸ் ஏறுவாள். அடுத்தவர் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்வாள். அந்தக் குணத்துக்காக அவளைப் பலமுறை திட்டியிருக்கிறேன்.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடக் கரையை ஒட்டிப் பாப்பாயி குத்தகைக்கு எடுத்திருந்த வாழைத்தோட்டத்தில்தான் எங்கள் பெட்டிகளை நட்டோம். ஆற்றில் வெள்ளம் வந்தால் வடிகால் வழியாகத் தண்ணீர் எதிர்த்து ஏறும். அதனால் வடிகால் நெடுகக் கம்பு ஊன்றி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் மட்டம் பார்க்க டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு பெட்டி. ஒரு பெட்டி தான் பார்த்ததை அடுத்ததற்குச் சொல்லும், அது அதற்கடுத்ததற்கு. ரோட்டோரப் பெட்டி எல்லாவற்றையும் வாங்கி, பாப்பாயியின் போனுக்கும் எங்கள் அறைக் கணினித் திரைக்கும் அனுப்பும். பாப்பாயிக்கு எழுத்து தெரியாது. அதனால் செய்தி வந்தால் கோயில் மணி மாதிரி அடிக்கும்படி போனில் கேத்தரின் வைத்துக் கொடுத்தாள். மணி கேட்டதும் பக்கத்துத் தோட்டத்து அம்மாசியைக் கூட்டிக்கொண்டு போய் வடிகால் வாயில் மணல் மூட்டை அடுக்கினால் தோட்டம் தப்பிவிடும். அதுவரை மூட்டு வலியோடு தினமும் வடிகாலுக்கு நடந்த பாப்பாயி, அன்றோடு நடப்பதை நிறுத்தினார்.

பேட்டரியை மிச்சம் பிடிப்பதில், பிராஜெக்டை நடத்தும் பேராசிரியரான எங்கள் சாருக்கு அப்படியொரு பெருமை. தண்ணீர் மட்டம் மாறினால் மட்டும் பெட்டி பேச வேண்டும். மாறாவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். திரை பச்சையாகவே இருக்கும். தினம் ஒருமுறையாவது 'இருக்கிறேன்' என்று சொல்ல வைக்கலாமே என்று கேத்தரின் கேட்டாள். தன் ஆராய்ச்சிக் கட்டுரையில் காட்டிய பேட்டரிக் கணக்கு கெட்டுப்போகும் என்றார் சார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். எங்களைப் போன்றவர்கள் தலையைத் தவிர வேறு எதை ஆட்டுவது?

ஆவணியில் மேட்டூர் நிரம்பி, கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். சத்திரம் பேருந்து நிலையத்து டீக்கடை டிவியில் அதைப் பார்த்த கேத்தரின், பதறியடித்து வந்து திரையைப் பார்த்தாள். பச்சை. பாப்பாயிக்குப் போன் போட்டாள்.

"மணி அடிக்கலியே டீச்சரம்மா. நான் வேணா ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரவா?"

"வேணாங்கக்கா. மூட்டு வலியோட எதுக்கு? மெசேஜ் வரலைன்னா தண்ணி ஏறலைன்னுதான் அர்த்தம்."

எல்லாப் பெட்டிகளின் பேச்சையும் சுமந்து சுமந்து ரோட்டோரப் பெட்டியின் பேட்டரி முதலில் தீர்ந்துபோயிருந்தது. செத்த பெட்டியும் சும்மா இருக்கிற பெட்டியும் திரையில் ஒரே பச்சைதான்.

மறுநாள் நாங்கள் போனபோது தோட்டத்துக்குள் முழங்கால் தண்ணீர். ஆறு இறங்காமல் அது வடியாது. கேத்தரின் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கி ஒரு மணல் மூட்டையைத் தூக்கினாள். இனிமேல் எதுக்கு என்று அம்மாசி அதை வாங்கிக் கீழே வைத்தார். காய் பாதி முற்றிய பூவன் வாழை. அடுத்து வந்த நாட்களில் கிழங்கு அழுகி மரம் மரமாகச் சாய்ந்தது. அவள் தினமும் போய் வரப்பில் நின்றாள். நின்று என்ன செய்ய? எனக்கு சார் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. அதை அவரிடம் காட்டத் தைரியமில்லாமல் இவளிடம்தான் எரிந்து விழுந்தேன்.

தண்ணீர் வடிந்ததும், ரோட்டோரப் பெட்டியைத் தாண்ட முடியாமல் மற்றப் பெட்டிகளில் தங்கிப்போன அளவுகள் வேண்டும் என்றார் சார். ரோட்டோரப் பெட்டிக்குக் கேத்தரின் புது பேட்டரி போட்டாள். பாப்பாயி பக்கத்தில் முறிந்த மட்டைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்து அவர் நம்பரை முதலில் எடுத்துவிட வேண்டும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மணி அடித்தது. விடாமல் அடித்தது. பாப்பாயி மடியிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"என்னமோ சொல்லுது டீச்சரம்மா. படிங்க."

கேத்தரின் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவளே படித்தாள்.

"வடிகாலில் தண்ணீர் ஏறுகிறது. வாயை அடைக்கவும்."

அடுத்ததும் அதே. அதற்கடுத்ததும் அதே.

பாப்பாயி சாய்ந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்பவே சொல்லியிருக்கு, இல்லீங்களா?"

"ஆமாங்கக்கா."

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக் கேத்தரினுக்குக் கை வரவில்லை.