டேஷ்போர்டில் இருந்த நாலு மிட்டாய்

லைசென்ஸ் கைக்கு வந்த அன்றைக்கே பட்டியல் போட ஆரம்பித்துவிட்டேன். புதிதாக வண்டி ஓட்டுகிறவர்கள் ஆபத்துக்கு என்னென்ன வைத்திருக்க வேண்டும் என்று யார் யாரோ பேசிய வீடியோக்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். சிவப்பு முக்கோணப் பலகை, பேட்டரி ஒயர், இழுப்பதற்குக் கயிறு, டார்ச், காற்றடிக்கும் சின்ன மெஷின், கையுறை, முதலுதவிப் பெட்டி. எல்லாம் ஒரு நீலக் கூடையில் டிக்கிக்குள் போனது.

எங்கள் வீட்டுக்கு அதுதான் முதல் கார். மூன்று கை மாறி வந்தது. தாத்தா காலம் வரை அடுத்தவர் நிலத்தில் உழைத்த குடும்பம். நைனா அரசு அலுவலகத்தில் சேர்ந்து மொபெட் வாங்கினார். காருக்கு ஸ்டியரிங் பிடித்த முதல் ஆள் நான். நைனாவுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் எனக்கு ஓட்டச் சொல்லித் தருவதில் அவருக்குச் சலிப்பே வந்ததில்லை. "ஆரன் அடி. ஓரங்கட்டு. பஸ்ஸு வர்து பாரு, எமனாட்டம்." புதுப்பட்டினத்தில் ஏறினால் இறங்குகிற வரைக்கும் இதே வர்ணனை.

அவருக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு, அந்தச் சர்க்கரையை ஒழிப்பதே வேலையானது. வீட்டில் சீனி டப்பாவை மேல் பரணுக்கு ஏற்றினேன். காரின் கூடையில்கூடச் சர்க்கரை சேர்க்காத பிஸ்கெட்தான், இரண்டு பாக்கெட்.

கூடையை அடுக்கிய அன்று டேஷ்போர்டைத் திறந்தேன். மருந்துக்கடைக் கவரில் சுற்றி, நாலு ஆரஞ்சு மிட்டாய்.

"நைனா! திருட்டுத்தனம் வேறயா?"

"அத்து இல்லமே, அந்த நர்ஸம்மா இன்னா சொன்னாங்கன்னா…"

"நர்ஸம்மா மிட்டாய் துன்னச் சொன்னாங்களா? நல்லா கீது கத."

அவர் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கவரோடு தெருக்குப்பையில் போட்டேன். அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, செங்கல்பட்டில் சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்த அம்மாவை அழைத்துவரக் கிளம்பினோம். ஏழு மணிக்கு நைனா வழக்கம்போல மாத்திரை போட்டுக்கொண்டார். திருக்கழுக்குன்றம் வந்ததும், "நாஸ்தா துன்னுட்டுப் போலாமா பாப்பா?" என்றார். "இன்னும் அரை மணிநேரம் நைனா, சின்னம்மா பொங்கல் செஞ்சு வெச்சிருக்காங்க" என்று வேகத்தைக் கூட்டினேன்.

ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின் டயர் பஞ்சர்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு சந்தோஷமாக இருந்தது. கூடைக்கு வேலை வந்துவிட்டது! வீடியோவில் சொன்னபடி நைனாவை இறக்கி, புளியமரத்தடி மதகில் உட்காரவைத்தேன். ஐம்பது அடி எண்ணி நடந்து முக்கோணத்தை வைத்தேன். முன் சக்கரத்துக்குக் கல் கொடுத்தேன். கையுறை மாட்டிக்கொண்டேன்.

"இன்னாமே, டயர் மாத்தப் போறியா, ஆபரேசன் பண்ணப் போறியா?"

டயரை மாற்றி முடிக்கிற வரைக்கும் அவர் பேசியது அவ்வளவுதான். நட்டு ஒன்று இறுகியிருந்தது. ஸ்பேனர் மேல் ஏறி நின்று மிதித்தேன். ஜாக்கியைத் தப்பான இடத்தில் வைத்து, இறக்கி, மறுபடி வைத்தேன். முக்கால் மணிநேரம் ஓடிவிட்டது. மதகிலிருந்து ஒரு குறைகூட வரவில்லை. பரவாயில்லையே, நைனாவுக்கு என் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த மௌனத்துக்காகவே மெதுவாக, அழகாக வேலை செய்தேன்.

"முடிஞ்சிது. ஏறு நைனா."

அவர் எழுந்திருக்கவில்லை. "ஏறமாட்டேன். நீ போ வூட்டுக்கு" என்றார் கோபமாக. நாக்கு குழறியது. சட்டை முழுக்க நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. முகத்திலிருந்து வேர்வை சொட்டியது. "உங்கம்மா எங்க?" என்றார். சொன்னேன். மறுபடியும், "உங்கம்மா எங்க?"

மாத்திரை. வெறும் வயிறு. சர்க்கரை ஒரேயடியாக இறங்கியிருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

கூடைக்கு ஓடினேன். கட்டுத்துணி, பிளாஸ்திரி, கத்தரிக்கோல், கயிறு. பிஸ்கெட் பாக்கெட்டைக் கையில் எடுத்துவிட்டு, அதன் மேலே 'சர்க்கரை சேர்க்காதது' என்று பெரிதாக எழுதியிருந்ததைப் பார்த்தபடி நின்றேன். தேடித் தேடி நானே வாங்கியது.

எதிர்ப்பக்கம் பஜ்ஜிக் கடையில் ஒரு அக்கா அப்போதுதான் அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தார். லாரி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் ரோட்டைக் கடந்தேன்.

"அக்கா, சர்க்கரை குடுங்க, எங்கப்பாவுக்கு…"

அவர் எட்டி மதகைப் பார்த்தார். வேறெதுவும் கேட்கவில்லை. டீக்கு வைத்திருந்த சர்க்கரை டப்பாவையும் தண்ணீரையும் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்.

"முழுங்குறாரா பாரு மொதல்ல. இல்லாங்காட்டி வாயில ஊத்தக்கூடாது. அண்ணாத்த, இங்க பாரு. எச்சி முழுங்கு."

நைனா விழுங்கினார்.

"யாரு நீ?" என்று அக்காவின் கையைத் தட்டிவிட்டார்.

"நான் யாரா இருந்தா உனக்கின்னா? பொண்ணா பாக்க வந்துகீற? குடி."

பாதி சட்டையில் கொட்டியது, பாதி உள்ளே போனது. இன்னொரு டம்ளர் கலக்கினார். நான் நைனாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையுறையைக் கழற்றக்கூட இல்லை. அவர் கண் எங்கேயோ இருந்தது. என்னை அடையாளம் தெரியாமலே போய்விடுவாரோ என்று பயந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

பிறகு அந்தக் கண் மெல்ல இறங்கி என்மேல் நின்றது.

"பேன்ட்ட பாரு, மண்ணு. தொவைக்கறது உங்கம்மா தான?"

நான் வாய்விட்டு அழுதேன்.

அக்கா கடையிலிருந்து பன் எடுத்துவந்து கொடுத்துவிட்டு, நைனாவைத் திட்ட ஆரம்பித்தார். "மாத்திர போட்டா துன்ன வேணாவா? சரி, ஒரு மிட்டாய் வெச்சுக்கக் கூடாது? எங்க வூட்டுக்காரரு பாக்கெட்ல எப்பவும் நாலு கெடக்கும். ஆஸ்பத்திரில சொல்லித்தான அனுப்புறாங்க?"

நைனா என்னைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

"சொன்னாங்கம்மா. நான்தான் மறந்துட்டேன்."

அன்றே டாக்டரிடம் காட்டினோம். மாத்திரை அளவைக் குறைத்தார். அம்மாவிடம் பஞ்சர் என்று மட்டும் சொன்னார் நைனா. டயரை நான் தனியாளாக மாற்றியதைச் சின்னம்மா வீட்டில் எல்லோருக்கும் இரண்டு தடவை சொன்னார். நான் பொங்கலைப் பிசைந்துகொண்டே இருந்தேன். மிட்டாயைப் பற்றி இன்றுவரை அவரும் பேசவில்லை. மன்னிப்பு கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

இப்போது டேஷ்போர்டில் மிட்டாய் இருக்கிறது. என் பக்கக் கதவிலும், அவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. காருக்குள் எறும்பு. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வாரம் அதே சாலையில் போனோம். மதகு வந்தது, கடந்தது. பக்கத்து சீட்டிலிருந்து சத்தமே இல்லை.

"நைனா, எதனா பேசு."

"இன்னாத்த பேச? ஒழுங்காத்தான ஓட்டிகினு கீற."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனை மாதம் ஏங்கியிருந்தேன். கேட்டதும் வண்டியை ஓரங்கட்டி, அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வேர்வை இல்லை, காய்ந்துதான் இருந்தது. கையை எடுக்கத்தான் எனக்கு நேரமானது.