சம்பந்தி அர்த்தநாரியின் நிறம்

ஓமலூரில் இருந்து மகள் அழைத்தபோது நான் மோகனூரில் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். "மாமா தவறிட்டாருங்கப்பா" என்றாள். என் சம்பந்தி அர்த்தநாரி தூக்கத்திலேயே போய்விட்டார். அடுத்து மாப்பிள்ளை அழைத்தார். அஞ்சலி பேனருக்கு அப்பாவின் படம் வேண்டும், முகத்தை வெளுப்பாக்கித் தருவதாக ஃபிளெக்ஸ் கடைக்காரர் சொல்கிறார் என்றார். அது மட்டும் முடியாது என்றேன். ஏன் என்று அவரை அறியாதவர்களுக்கும் தெரியவேண்டும்.

மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற பிறகு அவர் கேமரா வாங்கினார். அதே ஆண்டு நானும் வாங்கினேன். இந்த வயதில் இது எதற்கு என்று இரண்டு வீட்டிலும் கேட்டார்கள். என் வீட்டில் இன்றும் கேட்கிறார்கள்.

பேரனின் காதுகுத்தை, கேமராவில் எதையோ மாற்றிவைத்து, முழுக்க 'ரா' என்கிற வகையில் எடுத்துவிட்டேன். கேமரா தன் கைவேலையைக் காட்டாமல் கண்டதை அப்படியே தரும் மூலப்படம் அது. வீட்டுக் கணினியில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. உறவினர்கள் சிரித்தார்கள். சம்பந்தி மட்டும் முகம் மாறாமல் சொன்னார்: "கரும்ப வெட்டி ஊடு கொண்டாந்து சேத்துட்டீங்க சம்மந்தி. ஆலைதானுங்க இல்ல."

அடுத்த வாரமே மடிக்கணினியோடு மோகனூருக்கு வந்துவிட்டார். ஒரே படத்தை மூன்று மென்பொருளில் திறந்து காட்டினார். ஒன்று மாத வாடகைக்கு வருவது. அவர் பயன்படுத்தியது அதைத்தான். இன்னொன்று இலவசம், ஆனால் திரை முழுக்கப் பொத்தான்கள். மூன்றாவது கேமரா கம்பெனியே தருவது. வேகம் குறைவு, வசதியும் குறைவு. ஆனால் கேமராவில் பார்த்த நிறம் அதில் மாறாமல் வந்தது. நான் எடுத்த படத்தைத் திறக்க நானே வாடகை கொடுப்பதா என்று கேட்டுவிட்டு, மூன்றாவதைப் பிடித்துக்கொண்டேன். மாலை வரை வாதாடினார். நான் அசையவில்லை.

"சரிங்க, அதையே வெச்சுக்குங்க. ஆனா ஆரோ சொன்னாங்கன்னு மாசத்துக்கொண்ணு மாத்தாதீங்க. ஒண்ணுல கை படிஞ்சாத்தான் படம் வருமுங்க" என்றார். அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. தோற்ற வாதத்தை அப்படி விட்டுக்கொடுப்பவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு அது வராது.

போன தை மாதம் காவிரிக்கரையில் அவரைப் படமெடுத்தேன். உச்சி வெயில். பாதி முகம் நிழலில் போய்விட்டது. ஆள் நல்ல கருப்பு. கணினியில் நான் வெளிச்சத்தைக் கூட்டப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார். "கருப்பக் கருப்பாவே உடுங்க சம்மந்தி. நெழல்ல கண்ணு மட்டும் தெரிஞ்சாப் போதுமுங்க."

மாப்பிள்ளை அழைத்த அன்று அந்தப் படத்தைத்தான் திறந்தேன். நிழலைக் கொஞ்சம் தளர்த்தினேன். கண் தெரிந்தது. தோலில் கை வைக்கவில்லை. ஓமலூர் போய் ஃபிளெக்ஸ் கடையில் நானே உட்கார்ந்துகொண்டேன். கொஞ்சம் கலர் ஏத்தட்டுங்களா என்று கடைக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். பேனரில் அப்பா இருட்டாகத் தெரிவார் என்று மாப்பிள்ளையும் அழுத்தினார். துக்க வீட்டில் சண்டை போடுகிறேன் என்று பேச்சு வந்தாலும் சரி என்று இருந்தேன். கடைசியில் மாப்பிள்ளை போனில் தன் அம்மாவுக்குப் படத்தை அனுப்பி, என்ன செய்யட்டும் என்று கேட்டார். அந்த அம்மா சொன்னது எனக்கும் கேட்டது: "இவருதான் சாமி எம்பட ஊட்டுக்காரரு. இப்படியே போடச் சொல்லு."

பேனரை வாசல் வேப்பமரத்தில் உயரமாகக் கட்டினார்கள். சம்பந்தியம்மா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். "இன்னுங் கொஞ்சம் கீழ எறக்குங்கண்ணா. அவரு அத்தன ஒசரமில்லீங்க" என்றார் என்னிடம்.

நானே கயிற்றைத் தளர்த்தி இறக்கிக் கட்டினேன். பேனரில் சம்பந்தி என் எதிரில் வந்து நின்றார்.

போய் வாருங்கள், சம்பந்தி.