இஸ்திரிப் பெட்டியும் ஐந்து ஆம்பியரும்

ஈரம் தெளித்த வெள்ளைத் துணியின்மேல் சூடான இஸ்திரிப் பெட்டி 'உஸ்' என்று ஏறும்போது கஞ்சியும் ஆவியும் கலந்து எழும் மணம்தான் என் ஒன்பதாம் வகுப்புக் குளிர்காலத்தின் மணம்.

அம்மா ரிச்சர்ட்ஸ் டவுன் வீடுகளுக்கு கவுன் தைத்துக் கொடுப்பாள். கரிப்பெட்டியிலிருந்து தெறித்த ஒரு பொறி புது கவுனில் ஓட்டை போட்ட பிறகு, ஜீவனஹள்ளியில் நாங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்த 'வட்டாரா'வின் ஓனரிடம் கெஞ்சி அனுமதி பெற்று, பழைய கரண்ட் பெட்டி ஒன்று வாங்கினாள். பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஹோல்டரிலேயே வயரைச் சொருகி, விடியற்காலையில் சிம்னி வெளிச்சத்தில் தேய்ப்பாள். அந்த வாரமே வினை தொடங்கியது. ஓனர் வீட்டையும் சேர்த்து ஆறு குடித்தனத்துக்கும் ஒரே பியூஸ். விடியுமுன் அது தினமும் போய்விடும்.

"ஊருக்கெல்லாம் விடிஞ்சா வெளிச்சம், நமக்கு மட்டும் இருட்டு. எல்லாம் டைலரம்மா புண்ணியம்" என்பாள் எதிர்வீட்டு முனியம்மா.

ஓனர் நேராகவே சொல்லிவிட்டார்: "இன்னும் ரெண்டு தபா போச்சுன்னா உன் லைனைக் கட் பண்ணிடுவேன்மா."

பெட்டி போனால் தையல் வேலையும் போகும். வாய் திறந்து பேசாத பெண் நான். ஆனால் பள்ளியில் அப்போதுதான் மின்சாரப் பாடம் நடந்திருந்தது. பெட்டியின் தகட்டில் வாட் எண் தேய்ந்துபோய் 230 வோல்ட், 2 ஆம்பியர் என்பது மட்டும் தெரிந்தது. பெருக்கினால் 460 வாட். வகுத்தால் 115 ஓம் தடை. தொட முடியாத அந்தச் சூட்டின் உள்ளே இருப்பதை ஒரு சிலேட்டில் பிடித்துவிட முடிந்தது எனக்குப் பெரிய அதிசயம். மற்ற வீட்டு பல்புகளுக்கு ஒன்றரை ஆம்பியர் சேர்த்தாலும் மூன்றரைதான். பியூஸோ ஐந்து ஆம்பியர். அப்படியானால் இன்னும் ஒன்றரை ஆம்பியருக்கு மேல், அதாவது 345 வாட்டுக்கு மேல், யாரோ ரகசியமாய் இழுக்கிறார்கள்!

மறுநாள் பியூஸ் போனதும் எங்களுக்கும் ஓனர் வீட்டுக்கும் பொதுவான சுவரில் காதை வைத்தேன். "நீரு இன்னும் காதில்லா" என்று கன்னடத்தில் அலுத்துக்கொண்டாள் ஓனரம்மா. தண்ணீர் இன்னும் காயவில்லையாம். அவர்கள் மகள் கைக்குழந்தையோடு வந்ததிலிருந்து அந்த வீட்டு அடுப்பில் விடியற்காலைப் புகையே எழவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அம்மா சிலேட்டை ஓனரிடம் கொண்டுபோகவில்லை. அவர் பால் வாங்கப் போன நேரத்தில் ஓனரம்மாவிடம் கொண்டுபோனாள்.

"அக்கா, எம் பொண்ணு கணக்குல ஒரு அடுப்பு இடிக்குது."

"மெல்லப் பேசும்மா! வெறகுப் புகை பிள்ளை பெத்த பாணந்திக்கும் பச்சக் குழந்தைக்கும் ஆவாதுன்னு கரண்ட் அடுப்பை ஒளிச்சு வச்சிருக்கேன். அவருக்குத் தெரிஞ்சா மொதல்ல என் லைனைத்தான் கட் பண்ணுவாரு."

அந்தக் கரண்ட் அடுப்பில் 600 வாட் என்று போட்டிருந்தது. இரண்டரை ஆம்பியருக்குச் சற்று மேல். பெட்டியோ அடுப்போ, ஏதாவது ஒன்றை மட்டும் போட்டால் பியூஸ் தாங்கும் என்று சிலேட்டில் போட்டுக் காட்டினேன். அன்று முதல் குளியல் தண்ணீர் காய்ந்ததும் ஓனரம்மா சுவரில் சொம்பால் மூன்று தட்டு தட்டுவாள். அதன் பிறகே அம்மா பெட்டியைச் சொருகுவாள். பியூஸ் போகவில்லை. தன் மிரட்டலுக்குப் பயந்துதான் எல்லாம் சரியானது என்று ஓனர் கடைசிவரை நம்பினார்.

இன்று அந்த வட்டாரா இல்லை. அங்கே மாடிக் கட்டடம் நிற்கிறது. என் வீட்டுக்குத் தனி மீட்டர்; ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் ஒன்றாக ஓடினாலும் பியூஸ் அசைவதில்லை. யாரும் சுவரைத் தட்ட வேண்டியதில்லை. அடுத்த வீட்டில் குழந்தை பிறந்ததே எனக்குப் போன வாரம்தான் தெரிந்தது. அதற்குள் அது நடக்கத் தொடங்கியிருந்தது.