வாசிக்காமல் வாங்கிய கைநாட்டு

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. சாத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். பக்கத்து ஊரில் ஒரு சிறுமியைக் கொன்றதாக, அங்கே வேலைக்கு வந்திருந்த வெளியூர்க்காரன் ஒருவனைப் பிடித்திருந்தார்கள். கோர்ட்டில் இன்னும் ஒரு சாட்சிகூட ஏறவில்லை. அதற்குள் டீக்கடைகளில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அவனைத் தூக்கில் போடச் சொல்லி கலெக்டருக்கு மனு கொடுக்க வேண்டும் என்றார் எங்கள் போர்மேன். எழுதியது நான்தான். கலெக்டருக்கு அந்த அதிகாரமே கிடையாது என்பதுகூடத் தெரியாமல், ‘மனித மிருகம்’ என்று இரண்டு இடத்தில் போட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் வேலை விட்டதும் கம்பெனிப் பெண்களைக் கைநாட்டுக்கு வரிசையில் நிறுத்தினார்கள். மை தேவைப்படவில்லை. அலுமினியப் பொடி அப்பிய விரல்கள் தாளில் வெள்ளியாகப் பதிந்தன. வாசித்துக் காட்டவா என்று கேட்டேன்.

“வாசிச்சா விடிஞ்சிரும். பஸ்ஸு நிக்கிது, சட்டுனு வாங்குமய்யா” என்றார் போர்மேன்.

நானும் ஒவ்வொரு ரேகைக்கும் பக்கத்தில் பெயரை எழுதினேன்.

மறுநாள் சரம் பின்னும் பெண் ஒருத்தி என் மேசைக்கு வந்தாள். மல்லாங்கிணறு பக்கமிருந்து வாக்கப்பட்டு வந்தவள்.

“அண்ணே, நேத்து கைநாட்டு வாங்குனீகளே, அது ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி அட்டைக்குன்னு நெனச்சேன், இல்லையாமே?”

விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது.

“அவன் என் கூடப்பொறந்த தம்பிண்ணே. இங்கன யாருக்கும் தெரியாது. செஞ்சானா இல்லையான்னு எனக்கே தெரியல, கோர்ட்டு சொல்லட்டும். ஆனா அவனத் தூக்குல போடுங்கன்னு நானே கேட்டதா இருக்கக் கூடாதுண்ணே. அந்த ஒரு ரேகைய மட்டும் அழிச்சிருங்க.”

போர்மேனிடம் ஓடினேன். காரணம் சொல்லாமல், ஒரு பெயரை எடுக்க வேண்டும் என்றேன். மனு காலையிலேயே விருதுநகர் போய்விட்டதாம்.

“ஒரு பொம்பள கைநாட்டுல என்னய்யா இருக்கு?” என்று சிரித்தார்.

ஒன்றுமில்லை என்றால் அத்தனை பேரை எதற்கு நிறுத்தி வாங்கினீர்? அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, மக்கள் கொதித்துப்போயிருக்கிறார்கள் என்று பேப்பரில் வந்தது. கொதித்தது யார்? பஸ்ஸைப் பிடிக்கத் தவித்துக்கொண்டு நின்ற அந்தப் பெண்களா? அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லையே!

அடுத்த மாதம் ஈஎஸ்ஐ தாள் நிஜமாகவே வந்தது. அவள் முறை வந்தபோது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

“மொதல்ல வாசிங்க” என்றாள். அண்ணே என்று சொல்லவில்லை.