கட்டொழுங்கு ஆசிரியையின் தேதிப் புத்தகம்

நீல அட்டை போட்ட நீளமான நோட்டுப் புத்தகம் அது. ஜார்ஜ்டவுனில் நான் படித்த இடைநிலைப்பள்ளியின் கட்டொழுங்கு ஆசிரியை அதை மேசை இழுப்பறையில் பிரம்புக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். மாதவிடாய் வந்த பெண் அவர் அறைக்குப் போய், பெயர், வகுப்பு, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு பேட் கிடைக்கும். அதையும் நாளிதழில் சுற்றித்தான் கொடுப்பார். பார்ப்பவர்கள் நாங்கள் நெத்திலி வாங்கிக்கொண்டு போவதாக நம்பிவிடுவார்கள் என்பது அவருடைய மேலான எண்ணம்.

வீட்டிலிருந்து கொண்டுவரக் கூடாதா என்றால், கூடாது. ஒருமுறை இரண்டு பையன்கள் ஒருத்தியின் பையைத் துழாவி, உள்ளேயிருந்த பாக்கெட்டை எடுத்து வகுப்பு முழுக்கப் பந்தாடினார்கள். அம்மையார் தீர விசாரித்து, இனிமேல் பெண்கள் யாரும் பையில் பேட் வைத்திருக்கக் கூடாது என்று தீர்ப்பு வழங்கினார். பையன்களை ஒரு சொல் கேட்கவில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். எங்கள் பள்ளியில் அந்த ஆண்டி நாங்கள்தான்.

நான் இரண்டாம் படிவத்தில், அதாவது எட்டாம் வகுப்பில், இருந்தபோது மாநிலப் பேச்சுப் போட்டிக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று வாரம் குளியலறையில் கத்திக் கத்திப் பேச்சை மனப்பாடம் செய்திருந்தேன். அன்று காலை ஓய்வு நேரத்தில், வரவேண்டாத நேரத்தில், வந்துவிட்டது. அவர் அறைக்கு ஓடினேன். அவர் கணித ஆசிரியை. நோட்டைப் புரட்டி, பென்சிலால் தேதியிலிருந்து தேதியைக் கழித்தார்.

"பன்னெண்டு நாள் முன்னாடிதானே வந்து எடுத்துட்டுப் போன? மறுபடியும் எப்படி வரும்? மேடைக்குப் பயமா இருந்தா பயம்னு சொல்லுலா. இதப் போயி சாக்கு சொல்ற!"

"இல்ல டீச்சர், நெசமா."

"கிளாசுக்குப் போ."

பதினான்கு வயது உடம்பு நாள்காட்டி பார்த்து நடக்காது என்பது அந்தக் கணிதப் புலிக்குத் தெரியவில்லை. பட்டம் வாங்கியவர், அதிலும் அவரே ஒரு பெண்! கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு மண்டபத்தில் போய் உட்கார்ந்தேன். என் பெயரைக் கூப்பிட்டபோது சீருடைப் பினஃபோரின் பின்பக்கம் நனைந்திருப்பதை உணர்ந்தேன். இரண்டாவது முறையும் கூப்பிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. "நான்தான் அப்பவே சொன்னேன்ல," என்று அவர் பக்கத்து ஆசிரியரிடம் சிரித்தது எனக்குக் கேட்டது. வேறொருத்தி போட்டிக்குப் போனாள். அதன்பிறகு பள்ளியில் யாரும் என்னை மேடைக்குக் கூப்பிடவில்லை, நானும் கேட்கவில்லை.

இருபத்தைந்து வருடமாக அந்த அம்மாளை மனதுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு சுகமும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

போன மாதம் விளையாட்டுப் போட்டியன்று, என் மகள் பள்ளி அலுவலகத் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டாள். நான் வேலையிடத்தில் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"மா, பீரியட் வந்திருச்சி. வயிறு ரொம்ப வலிக்குது. வந்து கூட்டிட்டுப் போறியா?"

அவளுடைய தேதிகளை என் கைப்பேசியில் குறித்து வைத்திருக்கிறேன், அக்கறையுள்ள தாயல்லவா! எடுத்துப் பார்த்தேன்.

"இப்பதானே முடிஞ்சிச்சி? ஓட்டப் பந்தயம்னா ஒடனே வந்துருமா ஒனக்கு?"



"சரிமா, வேணாம்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். கூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, சாலை நெரிசலில் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தபடி பள்ளிக்குப் போனேன். அவள் வாசலில் நின்றிருந்தாள். இடுப்பில் யாரோ ஒரு தோழியின் குளிராடை கட்டியிருந்தது. காரில் ஏறியவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த மாதம் அவளுக்கு எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் என்னிடம் சொல்லவில்லை.