மகளின் மனோதத்துவத் தாளுக்கு நான் போட்ட மார்க்கு

அம்மாபேட்டையில் நெசவாளர்களிடம் சேலை வாங்கி விற்பவன் நான். ஒரு இழை பிசகினாலும் சேலையை ஒதுக்கிவிடுவது என் வழக்கம்.

உபாத்தியாயினிப் பயிற்சியில் இருந்த என் மகள் ராஜம், சர்க்கார் பரீட்சையில் மனோதத்துவத் தாள் எழுதிவிட்டு வந்தாள். தேறினால் இளம்பிள்ளைப் பெண்கள் பள்ளியில் வேலை நிச்சயம். முடிவு வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு விடையையும் சொல்லச் சொல்லிப் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். ஒரு வரி விட்டிருந்தாலும் அந்த விடைக்குப் பூஜ்யம் போட்டேன். கடைசியில் பெயில்!

"ஏனுங்கப்பா, இதென்ன சேலைங்களா, ஒரு இழைக்குத் தள்ளி வைக்க?" என்று அழுதாள்.

நான் கேட்கவில்லை. வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சொல்ல, மறுநாளே பள்ளி மானேஜரிடம் ஓடினேன். அவர் சிரித்தார்.

"சர்க்கார் மார்க்குப் போடட்டுமுங்க, நீங்க ஊட்டுக்குப் போங்க. அதுவரைக்கும் எடம் உங்க புள்ளைக்குத்தான்."

முடிவு வந்தது. ராஜம் தேறிவிட்டாள், அதுவும் மனோதத்துவத்தில்தான் அதிக மார்க்கு! தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன். ஆனாலும், அன்று மானேஜர் சரியென்று தலையாட்டியிருந்தால், என் அவசரத்தால் அவள் வேலையே போயிருக்கும்.

இந்த வருஷம் இளையவள் பரீட்சை எழுதுகிறாள். வினாத்தாளை அக்காளிடம் காட்டச் சொல்லிவிட்டு, நான் சேலைகளை மட்டும் பார்க்கிறேன்.