காலில்லாத மூன்று குருவிகள்

மூன்று குருவிகளின் கால்களைத் தேய்த்து அழித்துவிட்டேன் என்று நம்பி, ஒரு முழு மத்தியானமும் ஒரு தேவாலயத்து மர வாங்கில் உட்கார்ந்து, தலையில் கை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். சிரிக்க வேண்டாம்.

அந்தத் தேவாலயம் புவாண்ட்-கிளேரையும் தாண்டி, ஏரிக்கரையில் இருக்கும் ஒரு பழைய கிராமத்தில் இருக்கிறது. நான் குடியிருக்கும் கோட்-டெ-நெய்ஜிலிருந்து ஒரு மெட்ரோவும் இரண்டு பஸ்களும் எடுத்துப் போவேன். உணவகக் குசினி ஒன்றில் பதினொரு வருடம் ஈரத் தரையில் நின்று இரண்டு முழங்காலும் தேய்ந்த பிறகு கிடைத்த வேலை. துப்புரவு வேலைதான், ஆனால் நினைத்தபோது குந்தலாம். முருகனைக் கும்பிடுகிறவனுக்கு யேசுவின் வீட்டில் வாங்கு போட்டு வைத்திருந்தார்கள். மூன்று மாதம் வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்று சொன்னார்கள். இந்த வேலையும் போனால் திரும்பக் குசினிதான். அதற்கு முழங்கால் விடாது.

தேவாலயத்துப் பூட்டுகளின் திறப்புகளெல்லாம் ஒரு மடாமிடம் இருந்தன. கட்டை முடி, மழையென்றாலும் வெயிலென்றாலும் காலில் றப்பர் சப்பாத்து. அவர் பேசியது பிரெஞ்சு. அதை என்னுடைய தமிழில்தான் இங்கே எழுதுகிறேன். முதல் நாள் அவர் கேட்ட கேள்வி, "பிரெஞ்சு விளங்குமோ?" நான் யோசிக்காமல், "ஓம், நல்லா விளங்கும்" என்றேன். வந்த வினையெல்லாம் அந்த ஓமால்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் பொன்ஜூர், மேர்சி, பிறகு குசினியில் வாங்கிக் கட்டிய ஏச்சுகள்.

சுற்றிக் காட்டிக்கொண்டே மடாம் மளமளவென்று சொல்லிப் போனார். தரையைக் காட்டினார், கழுவு. மெழுகுதிரித் தண்டைக் காட்டினார், மினுக்கு. கைகளை ஆட்டிச் சொன்னதால் பிடிபட்டது. பீடத்துக்குப் பக்கத்துச் சுவரோடு ஒரு கல்லறை. எந்தக் காலத்திலோ வந்த ஓர் ஆங்கிலேயரை அதில் அடக்கம் செய்திருந்தார்கள். அதன்மேல் ஒரு தாம்பாளத்தளவு பித்தளைத் தகடு, அடுப்படிச் சுவர்போலக் கறுத்துப்போய். அதைக் காட்டி மடாம் ஒரே ஒரு சொல் சொன்னார்: "லேஸ்."

அட, நம்முடைய லேசு! லேசாகத் துடைக்கச் சொல்கிறா என்று எடுத்துக்கொண்டேன். பிரெஞ்சுக்காரரிடமும் இந்தச் சொல் இருக்கிறதே என்று ஒரு சந்தோசம் வேறு. பிரெஞ்சில் அதற்கு 'விடு, அதில் கை வைக்காதே' என்று அர்த்தம் என்பது எனக்கு அப்போது யார் சொல்ல?

மூன்று மாதம் முடிகிற கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை தேவாலயத்துப் பெரியவர்கள் வந்து என் வேலையைப் பார்த்து முடிவு சொல்வார்கள். என் கைவரிசையைக் காட்டவேண்டும் என்று எனக்குள் ஓர் உற்சாகம், ஒரு புளுகம். அந்தக் கறுத்த தகட்டைப் பளபளக்க வைத்தால் ஆளை அசத்திவிடலாம். வீட்டில் மனிசியிடம் சொன்னேன்.

"பித்தளைக்குப் பழப்புளியை விட்டா வேற என்ன இருக்கு? உப்பும் போட்டுத் தேயுங்கோ" என்று ஒரு போத்தலில் கரைத்தே தந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை தொடங்கினேன். சத்தியமாக லேசாகத்தான் தேய்த்தேன். கறுப்பு வழிந்து வழிந்து, கீழேயிருந்து பொன்நிறம் வந்தது. ஒரு கேடயம் வந்தது, அந்த ஆங்கிலேயரின் குலச்சின்னம். கேடயத்துக்குள் மூன்று குருவிகள். சொண்டு இருந்தது, செட்டை இருந்தது, வால் இருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்து வயிற்றுப் பக்கம் வந்தேன். கால்களைக் காணவில்லை. மூன்றுக்கும் இல்லை. வயிற்றோடு வெட்டி எடுத்த மாதிரி நின்றது. கையிலிருந்த துணியை விரித்துப் பார்த்தேன், கறுத்தச் சேறு. ஐயோ, கால்களெல்லாம் துணியோடு வந்துவிட்டன!

மனிசிக்கு ஃபோன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"என்னப்பா, எத்தினை கால் போட்டுது?"

"ஆறு."

"ஆறுமோ? ஒண்டையாவது மிச்சம் விட்டிருக்கலாமே!" பிறகு என் மூச்சுச் சத்தத்தைக் கேட்டிருப்பாள் போல, குரல் இறங்கியது. "இஞ்சாருங்கோ, பயப்பிடாதேங்கோ. போய் உள்ளதைச் சொல்லுங்கோ. ஒளிச்சு வைச்சா இன்னும் கேவலம்."

உள்ளதைச் சொல்ல மொழி வேண்டாமா? எனக்கு வேறொரு புத்தி போனது. சுத்தியலும் குறடும் கிடந்த ஆயுதப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு கூரான ஆணி எடுத்தேன். குருவிக் கால்தானே, சின்னச் சின்னக் கோடு. கீறிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? முதல் குருவியின் வயிற்றடியில் ஆணியைக் கொண்டுபோய் வைத்தும்விட்டேன். மனிசி சொன்ன 'கேவலம்' காதில் கேட்டது. ஆணியைப் பெட்டிக்குள் எறிந்துவிட்டு வாங்கில் போய்க் குந்தினேன். அப்படியே மத்தியானம் போனது. இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. கீறியிருந்தால் என்னை யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது.

மடாம் வந்தார். தகட்டைக் கண்டார். முகம் சிவந்தது.

"நான் லேஸ் எண்டெல்லோ சொன்னனான்!"

"ஓம் மடாம், லேசாத்தான் தேய்ச்சனான்" என்றேன், அரைகுறைப் பிரெஞ்சில்.

அவர் என்னையே பார்த்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எனக்குப் பிரெஞ்சு தெரியாது, முதல் நாள் சொன்னது பொய், லேஸ் எங்கள் ஊரில் வேறு சொல், பழப்புளியால் தேய்த்தேன், குருவிகளின் கால்கள் போய்விட்டன, மன்னிக்க வேண்டும். பாதி பிரெஞ்சு, பாதி இங்கிலீஷ், மிச்சம் கையால். கால் போனதைக் காட்டுவதற்கு ஒற்றைக் காலைத் தூக்கி மற்றதைத் தொட்டும் காட்டினேன்.

"என்ன கால்?" என்றார். தகட்டுக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு என் சட்டைக் கையைப் பிடித்து மரப்படிகளில் மேலே இழுத்துக்கொண்டு போனார். பொலிஸிடம் பிடித்துக் கொடுக்கத்தான் போகிறா என்று நினைத்தேன்.

மேலே, பாட்டுக்கு வாசிக்கும் ஓகன் பெட்டிக்குப் பின்னால் ஒரு வண்ணக்கண்ணாடி யன்னல். மூன்று மாதமாக நான் பார்த்ததில்லை. தரை கூட்டுகிறவன் எங்கே அண்ணாந்து பார்க்கிறான்? ஏரி வெளிச்சத்தில் அதே கேடயம், அதே மூன்று குருவிகள், நீலத்தில். ஒன்றுக்கும் கால் இல்லை.

எனக்கு நின்ற இடத்திலேயே உயிர் வந்தது.

மடாம் பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னார். "இவையின்ர ஊரில காணியெல்லாம் மூத்தவருக்கு. நாலாவது மகனுக்கு இந்தக் குருவி. கால் வைக்க அவருக்கெண்டு ஒரு துண்டு நிலமும் இல்லை, அதால குருவிக்கும் கால் கீறுறேல்லை. கீழ படுத்திருக்கிறவர் நாலாவது ஆள். கப்பலேறி இங்க வந்து சேந்தவர்."

எனக்கு மூத்தது மூன்று அக்காமார். வீடு ஒருவருக்கு, வயல் ஒருவருக்கு, தோட்டக்காணி ஒருவருக்கு என்று எல்லாம் சீதனமாகப் போனது. என்னை யாரும் ஏமாற்றவில்லை. எங்களில் அதுதான் வழக்கம், நானே சந்தோசமாகக் கையெழுத்தும் வைத்தேன். நாலாவதாக நான் ஒரு சூட்கேசோடு விமானம் ஏறினேன். இதையெல்லாம் எந்தப் பிரெஞ்சில் சொல்வது? நாலு விரலைக் காட்டி, நெஞ்சைத் தொட்டேன்.

"மடாம், நானும் நாலு."

சொன்னதும் அழுகை வந்துவிட்டது. முப்பது வருடமாக வராத அழுகை. அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு யன்னலைப் பார்த்தபடி நின்றார்.

வெள்ளிக்கிழமை பெரியவர்கள் நாலு பேர் வந்தார்கள். கல்லறைக்கு முன்னால் நின்று, "இதை ஆர் தேய்ச்சது? பழங்காலத் தகடு, தொடக்கூடாதெண்டு எல்லாருக்கும் தெரியுமே?" என்று ஒருவர் கேட்டார்.

மடாம் அசையவில்லை. "நான் என்ன சொன்னனோ அதைத்தான் இவர் செய்தவர்" என்றார்.

அந்தப் பிரெஞ்சு முழுதாக விளங்கியது. தமிழில் பார்த்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. கேட்டவர் தகட்டை இன்னொருமுறை குனிந்து பார்த்தார், பிறகு என்னை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்து வைத்தார்.

வருடங்கள் போய்விட்டன. தகடு மெல்ல மெல்லத் திரும்பக் கறுக்கிறது. நான் தொடுவதில்லை. அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து வீட்டில் வேலையைப் பற்றிய பயமில்லை. அதற்காக மடாமுக்கு நான் சொன்ன மேர்சி எல்லாம் சேர்த்தாலும் போதாது என்று எனக்குத் தெரியும்.

போன மாரியில் ஒருநாள் முழங்கால் வலி தாங்காமல் கல்லறைக்குப் பக்கத்து வாங்கில் காலை நீட்டி இருந்தேன். மடாம் அந்தப் பக்கமாக வந்தார். நான் பதறி எழும்பப் பார்த்தேன்.

"லேஸ்" என்றார்.

இந்த முறை விளங்கியது. கால் இரண்டையும் நீட்டியபடி, இருந்த இடத்திலேயே இருந்தேன்.